ரன் என்றால் ஓடு மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் நாம் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று ரன். ஓடு என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். பல வருஷம் கழித்து ஒரு செய்தியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ அதே சொல் வரும். அங்கே யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் தடுமாறியவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தச் சொல்லின் மீது தனிப் பிரியம் உண்டு. தமிழ் தெரிந்தவருக்கு இது நினைப்பதைவிட எளிதாகப் பிடிபடும் என்பது என் அனுபவம்.

இந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள்?

வினைச்சொல்லாக மட்டும் 645 என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் வெளிவந்தபோது, அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற பெயர் செட் என்ற சொல்லிடம் இருந்தது. அதற்கு 430 பொருள், அந்த ஒரு சொல்லை விளக்க மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் வேலை தொடங்கியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ரன் வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் உழைத்தார். அவர் முடித்தபோது வந்த எண்தான் 645.

இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். வழக்கொழிந்த பொருள், கப்பல் மாலுமிகளின் பொருள், சுரங்கத் தொழிலாளியின் பொருள் எல்லாம் அதற்குள் அடக்கம். பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுகிறவரும் இத்தனையையும் பயன்படுத்துவதில்லை.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பொருள் சேர்ந்தது?

பழைய ஆங்கிலத்தில் இது ஒரு சொல்லாக இல்லை, இரண்டாக இருந்தது. ரின்னன் என்று ஒன்று. தானாக ஓடுவது, வழிந்து பாய்வது என்று அதற்குப் பொருள். அதற்கு உறவாக இன்னொரு வினை இருந்தது, அது குதிரையை விரட்டிச் செல்வது போன்ற, ஒன்றை ஓடவைக்கும் வேலைக்கு உரியது. நம்முடைய ஓடு, ஓட்டு என்ற இரட்டையைப் போலவே நினைத்துக்கொள்ளலாம். காலப்போக்கில் ஆங்கிலத்தில் இந்த இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. அதனால்தான் இன்றைக்கு ஆறும் ரன் ஆகிறது, ஆலையை ஒருவர் ரன் செய்யவும் செய்கிறார். ஓடு, ஓட்டு இரண்டின் சுமையையும் ஒரே சொல் தூக்குகிறது. பொருள் பெருகியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பழைய சொல்லின் உயிர் காலில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான ரின்னென் இன்றும் வழிவது, ஒழுகுவது என்ற பொருளில்தான் வருகிறது. ரைன் நதியின் பெயரும் பாய்வதைக் குறிக்கும் அதே தொல்வேரிலிருந்து வந்ததாக மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலையில் வர்ஜீனியாவில் நடந்தது. அதற்குப் புல் ரன் போர் என்று பெயர். காளை ஓடிய கதை ஏதோ இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். புல் ரன் என்பது அங்கே பாயும் ஒரு சிற்றோடையின் பெயர். அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே ரன் என்று பெயர். ஓடு என்ற வினையிலிருந்து நாம் ஓடை என்ற சொல்லை எடுத்திருக்கிறோமே, அதே வழி.

ஆகவே ரன் என்றதும் இரண்டு கால்களைக் கற்பனை செய்யாதீர்கள். தடையில்லாமல் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படியானால் தமிழில் ஓடு என்று வரும் இடமெல்லாம் ரன் போடலாமா?

நிறைய இடத்தில் போடலாம், நான் ரசிக்கும் பகுதியும் இதுதான். ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ரன்தான். ஒரு பக்கத்தின் மேல் கண்ணை ஓட்டுகிறோம். அவர்களும் அப்படியே கண்ணை ரன் செய்கிறார்கள். கதை முழுக்க ஒரு சோகம் இழையோடுகிறது என்கிறோம், அவர்களும் கதையினூடே ஒரு நூல் ரன் ஆவதாகத்தான் சொல்கிறார்கள். புதிதாகச் செய்த ஒன்றை ஓட்டிப் பார்ப்பதற்கு நம்மிடம் வெள்ளோட்டம் என்று அருமையான சொல் இருக்கிறது. அவர்களுடைய ட்ரையல் ரன் அதேதான். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே உருவகத்தை இத்தனை இடத்தில் எட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் இரண்டும் முழுக்கப் பொருந்துவதில்லை. தமிழில் மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், சாலை வடக்கே போகும், ஒப்பந்தம் இரண்டு வருஷம் இருக்கும், காய்ச்சல் அடிக்கும், ஒரு நோய் குடும்பத்தில் தலைமுறையாக வரும். ஆங்கிலத்தில் இவை அத்தனையும் ரன் என்ற சொல்லில் அடங்கும். ஒவ்வொன்றிலும் அந்தப் பாய்ச்சலைத் தேடுங்கள், கிடைக்கும். சாயம் நீரோடு பாய்கிறது, சாலை நீண்டு பாய்கிறது, ஒப்பந்தம் காலத்தில் பாய்கிறது, நோய் ரத்தத்தின் வழியே பாய்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாம் கார், சைக்கிள், விமானம் மூன்றையும் ஓட்டுவோம். ஆங்கிலத்தில் காருக்கு டிரைவ், சைக்கிளுக்கு ரைடு, விமானத்துக்கு ஃப்ளை. காரை ரன் செய்கிறேன் என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால் அதன் எரிபொருள், பராமரிப்பு, காப்பீடு போன்ற செலவைத் தாங்கி வைத்திருக்கிறேன் என்று பொருள். பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை என்கிறோமே, அதையும் ரன் கொண்டு சொல்ல முடியாது. ஒருவரைக் கேலி செய்து ஓட்டுவதற்கும் இந்தச் சொல் உதவாது.

நிறுவனத்தை நடத்துவதற்கும் ரன் என்கிறார்களே?

ஆமாம். கடை, பள்ளி, அலுவலகம், நாடு எதையும் ரன் செய்யலாம். தமிழில் இதற்கு நடத்து என்கிறோம். நட என்பதிலிருந்து நடத்து, ஓடு என்பதிலிருந்து ஓட்டு. நாம் நிறுவனத்தை நடக்க வைக்கிறோம், அவர்கள் ஓட வைக்கிறார்கள்.

ஓட்டு என்ற சொல்லும் தமிழில் இந்த இடத்துக்கு வரும், ஆனால் வாசனை வேறு. எப்படியோ குடும்பத்தை ஓட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், கஷ்டத்தில் சமாளிக்கிறார் என்று கேட்டதும் புரிந்துவிடும். ஆங்கில ரன் சொல்லில் அந்தச் சலிப்பு கிடையாது. ஒருவர் ஒரு நிறுவனத்தை ரன் செய்கிறார் என்றால் பொறுப்பு அவர் கையில் இருக்கிறது, முடிவு அவருடையது என்றுதான் தொனிக்கும். மேனேஜ் என்ற சொல் இதற்குச் சற்றுக் கீழே நிற்கும். ஒரு கிளையை மேனேஜ் செய்கிறவருக்கு மேலே இன்னொருவர் இருக்கலாம். தன்விவரக் குறிப்பில் எழுதும்போது இந்த வேறுபாட்டைப் பார்த்து எழுதுங்கள். நீங்கள் உதவியாக இருந்த ஒரு வேலையை ரன் செய்தேன் என்று எழுதினால், முழுப் பொறுப்பும் உங்களுடையது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

தேர்தலில் ஏன் ஓடுகிறார்கள்?

அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் நிற்கிறார்கள். அமெரிக்கச் செய்தியில் ஒருவர் அதிபர் பதவிக்கு ரன் செய்கிறார் என்று வரும், பிரிட்டிஷ் செய்தியில் ஸ்டாண்ட் என்று வருவதே பழைய வழக்கம். தமிழில் நாமும் தேர்தலில் நிற்கிறோம். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளருடன் சேர்ந்து போட்டியிடும் துணை அதிபர் வேட்பாளரை ரன்னிங் மேட் என்பார்கள்.

ரன் அவுட் என்பது கிரிக்கெட் சொல்தானே? பேச்சில் ஏன் வருகிறது?

இரண்டும் வேறு வேறு. கிரிக்கெட்டில் ரன் என்பது ஒரு பெயர்ச்சொல், தமிழில் ஓட்டம். இரண்டு மட்டையாளர்களும் எதிரெதிர் முனைக்கு ஓடி மாறினால் ஒன்று கிடைக்கும். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கோ ஆறோ கிடைக்கும். எதிர் முனைக் கோட்டைத் தொடுவதற்குள் விக்கெட் தகர்ந்தால் அது ரன் அவுட்.

அன்றாடப் பேச்சில் வருவது ரன் அவுட் ஆஃப் (run out of). பின்னால் ஒட்டியிருக்கும் அந்த ஆஃப்தான் அடையாளம். கையிருப்பு தீர்ந்துபோனது என்று பொருள். பால் தீர்ந்தது, நேரம் தீர்ந்தது, பொறுமை தீர்ந்தது, எல்லாவற்றுக்கும் வரும். இதிலும் பாய்ச்சல்தான். தொட்டியில் இருந்தது முழுக்க வெளியே வழிந்து ஓடிவிட்டது. தீரும் நிலையில் இருந்தால் ரன் லோ, முற்றிலும் வற்றிவிட்டால் ரன் டிரை. யாருக்கு என்ன தீர்ந்தது என்பதை எங்கே வைப்பது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். நாங்கள் பாலில் ரன் அவுட் ஆனோம் என்ற அமைப்பில் ஆள் முன்னால் வருவார், பொருள் ஆஃப் என்பதற்குப் பின்னால் வரும். பால் முன்னால் வந்தால் ஆஃப் வேண்டாம், பால் ரன் அவுட் ஆகிவிட்டது என்று முடித்துவிடலாம்.

இன்டு, ஓவர், டவுன் என்று பின்னொட்டு மாறும்போது பொருள் எப்படி மாறுகிறது?

இதற்கு ஒரே சூத்திரம் இருப்பதாகச் சொன்னால் அது பொய். சில ஜோடிகளை வாக்கியத்தோடு பழகத்தான் வேண்டும்.

ரன் இன்டு என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். நண்பரை ரன் இன்டு செய்தேன் என்றால் எதிர்பாராமல் சந்தித்தேன். சுவரை ரன் இன்டு செய்தேன் என்றால் மோதினேன். சிக்கலை ரன் இன்டு செய்தேன் என்றால் வழியில் சிக்கல் வந்தது. செலவு லட்சங்களில் ரன் இன்டு ஆனது என்றால் அந்த அளவை எட்டியது. நான்கிலும் போகிற போக்கில் ஒன்றில் போய்ச் சேர்வது பொதுவாக இருக்கிறது.

ரன் ஓவர் விஷயத்தில் கவனம் வேண்டும். கூட்டம் ரன் ஓவர் ஆனது என்றால் குறித்த நேரத்தைத் தாண்டியது. ஒரு ஆளை வண்டி ரன் ஓவர் செய்தது என்றால் ஏறிவிட்டது, விபத்து. ஒரு பட்டியலை ரன் ஓவர் செய்யலாம் என்றால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிடலாம்.

ரன் டவுன்: மின்கலம் தீர்ந்தது, உடம்பு சோர்ந்தது, கட்டிடம் பராமரிப்பின்றிச் சிதைந்தது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசினார். எல்லாமே கீழே இறங்குவது. ரன் அப் என்றால் கடனும் பில்லும் ஏறுவது. ரன் த்ரூ என்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, ஒத்திகை மாதிரி.

அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழுவது ரன் பை. இதை உங்களிடம் ரன் பை செய்யலாமா என்று ஒருவர் கேட்டால், இந்த யோசனையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்கிறார். அனுமதி கேட்பதாக நினைத்துக்கொண்டு உடனே சரி என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அவர் உங்கள் எண்ணத்தைக் கேட்க வந்திருக்கிறார்.

வங்கியில் ரன் என்றால் என்ன?

வங்கி திவாலாகிவிடும் என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போவது. வங்கி வாங்கிய பணத்தில் பெரும்பகுதியைக் கடனாகவும் முதலீடாகவும் வெளியே போட்டிருக்கும். ஆகவே நல்ல வங்கியாலும் எல்லோருக்கும் ஒரே நாளில் திருப்பித் தர முடியாது, பயமே பயந்ததை நடத்திவிடும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க முயன்றார்கள், மறுநாள் வங்கி மூடப்பட்டது. இந்த முறை பெரும்பாலானோர் வாசலுக்கு ஓடவில்லை, செயலியிலும் கணினியிலும் எடுத்தார்கள். சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. வங்கிக்கு மட்டும் இல்லை, புயல் வருகிறது என்றதும் மெழுகுவத்தியை எல்லோரும் அள்ளிக்கொண்டு போனால் அதுவும் மெழுகுவத்தி மீது ஒரு ரன்.

ரன், ரேன், ரன் என்ற மூன்று வடிவங்களில் எதை எங்கே போடுவது?

நிகழ்காலம் ரன், இறந்தகாலம் ரேன், ஹேவ் அல்லது ஹேட் வந்தால் மறுபடி ரன். கம், கேம், கம் என்பதன் அச்சு. ஹேவ் ரேன் என்பது நிறையப் பேர் செய்யும் தவறு. எழுதும்போது ரன்னிங், ரன்னர் இரண்டிலும் n என்ற ஆங்கில எழுத்து இரண்டு முறை வரும்.

ரன்னிங் என்பதை நாம் சரியாகத்தான் பயன்படுத்துகிறோமா?

சில இடங்களில் நம் வழக்கு தனியாக நிற்கிறது. சளி பிடித்தால் ரன்னிங் நோஸ் என்கிறோம், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரன்னி நோஸ் என்பதே வழக்கம். ரன்னிங் ரேஸ் என்பதும் நம்மிடையே அதிகம் புழங்குவது. அங்கே ரேஸ் என்றாலே போதும். இவற்றைத் தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை, கேட்பவருக்குப் புரிகிறது. ஆனால் தேர்வுக்கோ வெளிநாட்டவருக்கோ எழுதும்போது தெரிந்திருப்பது நல்லது.

பெரும்பாலானோர் தவறவிடும் ஒரு பயன்பாடு இருக்கிறது. த்ரீ டேஸ் ரன்னிங் என்றால் மூன்று நாள் ஓடினேன் என்று பொருள் அல்ல, தொடர்ந்து மூன்று நாள். மூன்று நாள் ரன்னிங் மழை பெய்தது என்றால் அடுத்தடுத்த மூன்று நாளும் பெய்தது. அப்புறம் ரன்னிங் லேட் என்பது. தாமதமாக ஓடுகிறேன் என்று மொழிபெயர்த்து விழிக்க வேண்டாம், வர நேரமாகும் என்கிறார். ரன்னிங் வாட்டர் என்று வாடகை வீட்டு விளம்பரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வரும் என்று அர்த்தம், பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்று அல்ல.

கணினியில் நிரலை ரன் செய்வதை எப்படித் தமிழில் சொல்வது?

இயக்கு என்பதே பொருத்தமான சொல், இயக்கநேரம் என்று ரன் டைம் சொல்லுக்கும் எழுதலாம். பேச்சில் நிரலை ஓட்டிப் பார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்குக் குறையாகப் படவில்லை, சொல்லின் பழைய பொருளுக்கு மிக நெருக்கமாகவே இருக்கிறது. விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் திறக்கும் சின்னப் பெட்டியின் பெயரும் ரன்தான்.

ரன் வரும் மரபுத்தொடர்களில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை எவை?

ரன் ஆஃப் தி மில் என்றால் சாதாரணமான, தனிச்சிறப்பு இல்லாத. ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வெளிவரும் சரக்கைக் குறித்த தொழில்சொல் அது. ஒருவரின் படைப்பைப் பற்றி இப்படிச் சொன்னால் பாராட்டு இல்லை.

கட் அண்ட் ரன் கடலிலிருந்து வந்தது. நங்கூரத்தை மேலே இழுக்க நேரமில்லாத கப்பல், அதன் கயிற்றை வெட்டிவிட்டுக் காற்றோடு தப்பி ஓடும். இன்றைக்குப் பொறுப்பை விட்டுவிட்டு அவசரமாக விலகுவதற்குச் சொல்கிறார்கள்.

ரன் தி காண்ட்லெட் என்பதன் கதை கொடுமையானது. இரண்டு வரிசையாக நிற்கும் ஆட்கள் அடிக்க, நடுவே குற்றவாளி ஓட வேண்டும் என்ற படைத் தண்டனை அது. சுவீடிஷ் மொழியில் காட்லோப், அதாவது சந்தின் ஊடே ஓட்டம். பதினேழாம் நூற்றாண்டில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்து, ஒலி ஒத்துப்போனதால் கையுறையைக் குறிக்கும் காண்ட்லெட் என்ற சொல்லோடு கலந்துவிட்டது. கையுறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்று நிருபர்களின் கேள்விகளுக்கு நடுவே நடந்துபோகும் தலைவருக்கும் இதைச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தி ரன்ஸ் என்று தி சேர்த்துப் பன்மையில் சொன்னால் வயிற்றுப்போக்கு. மருத்துவரிடம் சொல்லலாம், கூட்டத்தில் வேண்டாம்.

இதை எப்படிப் படித்தால் மனதில் நிற்கும்?

பட்டியலை மனப்பாடம் செய்து யாரும் இந்தச் சொல்லைப் பிடித்து நான் பார்த்ததில்லை. படிக்கும்போது ரன் வரும் வாக்கியத்தை முழுசாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அதைத் தமிழில் எந்த வினையால் சொல்வீர்கள் என்று எழுதுங்கள்: ஓடு, ஓட்டு, நடத்து, நில், ஒழுகு, போ, தீர். கொஞ்ச நாளில் உங்கள் நோட்டில் சில குடும்பங்கள் தாமாகவே உருவாகும். ஓடு, ஓட்டு குடும்பத்தில் வருபவற்றைத் திரும்பப் படிக்கவே வேண்டாம், அவை ஏற்கனவே உங்களுடையவை. மற்ற குடும்பங்களுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

இன் தி லாங் ரன் என்றால் நீண்ட ஓட்டத்திலா?

சொல்லுக்குச் சொல் அப்படித்தான் வரும், நீண்ட கால ஓட்டத்தில் என்று எழுதுகிறவர்களும் உண்டு. என் காதுக்கு அது இடறுகிறது. நாளடைவில் என்றால் சரியாக இருக்கிறது. பேச்சுவாக்கில் என்றால் போகப் போக.